ஈரோட்டுப் பேனாக்காரரும் அம்மாவின் பார்க்கர் 51-ம்

ஈரோட்டில் பழைய இங்க் பேனா ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று என் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் சிலர் கேட்கிறார்கள். கவுண்டரில் நான் எழுதுகிற பேனாவைப் பார்த்துவிட்டுக் கேட்பதுதான். வழி சொல்லி, எந்தப் பேனாவைக் கொண்டு போகலாம், எதைக் கொண்டு போக வேண்டாம் என்று விளக்கி முடிப்பதற்குள் பின்னால் சீட்டோடு நாலு பேர் நின்றுவிடுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இருக்கிறார். மணிக்கூண்டிலிருந்து ஈஸ்வரன் கோயில் பக்கமாக நடந்தால் நோட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, ரப்பர் ஸ்டாம்ப் என்று வரிசையாகக் கடைகள் வரும். அதில் ஒரு கடையின் படிக்கட்டோரம் கண்ணாடிப் பெட்டி வைத்த சின்ன மேஜை. கைக்கடிகாரமும் பார்ப்பார், பேனாவும் பார்ப்பார். பெயர்ப் பலகை கிடையாது. "பேனாக்காரர்" என்று அந்த வீதியில் யாரைக் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். எழுபதைத் தாண்டியவர். வேலை விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி. நாள் சொல்வதிலும் ரசீது விஷயத்திலும் குறை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பேனா. என் அம்மா அம்மாபேட்டைப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் டீச்சராக இருந்து தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். டீச்சர் டிரெயினிங் முடித்த சமயம் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வாங்கிக் கொடுத்த பேனா இது. சிங்கப்பூர் போய் வந்த சொந்தக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்து வரவழைத்தது. பார்க்கர் 51, மெரூன் கலர் உடம்பு, மங்கலான எஃகு மூடி, அம்பு வடிவக் கிளிப். மூடியின் விளிம்பில் பொடி எழுத்தில் அமெரிக்காவில் செய்தது என்று இருக்கிறது. உடம்பில் அம்மாவின் இனிஷியலும் பெயரின் முதல் எழுத்தும் வெட்டி வெள்ளை பூசியிருக்கும். அந்தக் காலத்தில் பேனா வாங்கினால் பெயர் வெட்டிக்கொள்வது வழக்கம். வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், சம்பளப் பட்டியல், ஊருக்குப் போடுகிற கடுதாசி எல்லாம் இதில்தான் எழுதினார். வகுப்பு நோட்டுத் திருத்த மட்டும் சிவப்பு மையில் வேறு பேனா.

ஓய்வுக்குப் பிறகு பேங்க் செலானுக்கும் மளிகைச் சீட்டுக்கும் பால்பாயிண்ட் போதும் என்று ஆகிவிட்டது. உள்ளே மை இருந்தபடியே பேனா பீரோவுக்குள் போய்விட்டது. அம்மாவின் கருமாதி முடிந்து துணிமணிகளை எடுத்து வைக்கும்போது கைக்கு வந்தது. மூடியைக் கழற்றினால் நிப்பு முனையில் மை கறுத்துக் கெட்டியாகிக் கிடந்தது. மூடியும் தொளதொள. கவிழ்த்தால் தானாக விழுந்தது.

இந்தப் பேனாவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் ரிப்பேர்க்காரர் செய்தது நல்ல வேலையா இல்லையா என்று எடை போட முடியும். பார்க்கர் கம்பெனி தொடங்கியது 1888-ல். அதன் 51-ஆவது வருஷமான 1939-ல் உருவானதால் அந்தப் பெயர். கடைக்கு வந்தது 1941-ல். 1970-களின் தொடக்கம் வரை செய்தார்கள். மற்றப் பேனாக்களில் நிப்பு வெளியே விரிந்து தெரியும். இதில் நிப்பு முழுக்க ஒரு மூக்குக்குள் ஒளிந்திருக்கும், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். சீக்கிரம் காய்கிற மை ஒன்றை அந்தக் கம்பெனி தயாரித்திருந்தது. அது நிப்பிலேயே காய்ந்துவிடாமல் இருக்கத்தான் இந்த மூடு அமைப்பு. நம் ஊரில் பரீட்சைக்கு எல்லோரும் வைத்திருந்த ஹீரோ பேனாவின் முகம் இந்தப் பார்க்கரைப் பார்த்து வந்ததுதான்.

மை நிரப்புகிற முறை ஆரம்பத்தில் வேறு. 1948-லிருந்துதான் இப்போது அம்மாவுடையதில் இருக்கிற மாதிரி, உலோகக் கூட்டுக்குள் ஒரு பை, பக்கவாட்டில் அமுக்குகிற பட்டை. நம் ஆட்கள் அந்தப் பையை டியூப் என்பார்கள். ஒரு தடவை அமுக்கினால் நிரம்பாது. டியூப்புக்குள் நீளமாக ஒரு மெல்லிய குழாய் போகிறது. நிப்பைக் கீழே பார்த்து மையில் முக்கிப் பட்டையை அமுக்கினால் காற்று வெளியேறும், விட்டால் மை குழாய் வழியே ஏறி டியூப்பில் விழும். குழாயின் மேல் நுனி மை மட்டத்துக்கு மேலே நிற்பதால் அடுத்த அமுக்கலில் உள்ளே வந்த மை திரும்பிப் போகாது, மீதிக் காற்றுதான் போகும். இப்படிப் பல தடவை அமுக்கி அமுக்கித்தான் நிரப்ப வேண்டும். கூட்டின் மேலேயே அதை வெட்டி எழுதியிருக்கிறார்கள். இந்தக் குழாயில் மை காய்ந்து அடைத்துக்கொண்டால் எவ்வளவு அமுக்கினாலும் ஏறாது. அம்மா பேனாவின் கோளாறு பெரும்பாலும் இதுதான்.

பேனாக்காரரிடம் போவதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு கடையில் காட்டினேன். கையில் வாங்கிய உடனே டியூப் போயிருக்கும் என்றார்கள், திறந்து பார்க்கவே இல்லை. உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுச் சீனப் பேனாவின் நிப்பும் டியூப்பும் மாட்டித் தருவதாகவும், 1,500 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். கழற்றுகிற தங்க நிப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். அது உங்களுக்கு எதற்கு என்றார்கள். 14 காரட் நிப்பு அது. பேனாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதைச் சொல்வதற்குக் காரணம், பழைய பேனாவோடு போகிற எல்லோருக்கும் இந்தப் பதில்தான் முதலில் கிடைக்கும். திறந்து பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள்.

ஈரோட்டுப் பேனாக்காரர் முதலில் விலை பேசவில்லை. கடிகாரக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்கிற லென்ஸை மாட்டிக்கொண்டு நிப்பு நுனியை வெகுநேரம் பார்த்தார். உடம்பைத் திருகிக் கழற்றிக் கூட்டை உருவினார். பிறகு கேட்டார்:

"ஏனுங்கம்மணி, இது எழுதறதுக்குங்களா, வெச்சுப் பாக்கறதுக்குங்களா?"

"எழுதறதுக்குத்தானுங்கய்யா. தெனமும் எழுதோணும்."

"அப்பச் செரி."

கூட்டை உருவியதும் உள்ளே இருந்த டியூப்பை எனக்குக் காட்டினார். மை ஏறி ஏறித் தேன் நிறமாகியிருந்தது. ஆனால் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. விரலால் அமுக்கினால் வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்கு வந்தது. "டியூப்பு நல்லா இருக்குதுங்க. மாத்தறேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. இது ரப்பரில்லீங்க, பிளாஸ்டிக்கு. ரப்பரா இருந்திருந்தா இந்நேரம் அப்பளமா நொறுங்கியிருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. பார்க்கர் இந்த டியூப்புக்கு வைத்த பெயர் பிளை-கிளாஸ். பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக். அரை நூற்றாண்டு தாண்டியும் இவை வேலை செய்வது சகஜம். பக்கவாட்டில் இருக்கிற சின்ன நெம்புகோலைத் தூக்கி மை நிரப்புகிற அதே காலத்து லீவர் பேனாக்களில் இருக்கிற ரப்பர் பை அப்படி இல்லை. அது கெட்டியாகி உடைந்துபோகும், மாற்றித்தான் ஆக வேண்டும்.

வேலை தொடங்கியதை உட்கார்ந்து பார்க்க விட்டார். அன்றைக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததால் எனக்கும் நேரம் இருந்தது. சில்வர் டம்ளரில் பச்சைத் தண்ணீர். அதில் பேனாவின் முன்பகுதி மட்டும் முழுகும்படி நிறுத்தி வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நிப்பு நுனியிலிருந்து நீலக்கறுப்பாக ஒரு இழை இறங்கி, டம்ளரின் அடியைத் தொட்டுப் படர்ந்தது. அந்த மை அம்மா ஊற்றியது. கடைசியாக எப்போது ஊற்றினாரோ, எந்த ரிஜிஸ்டருக்காக ஊற்றினாரோ. நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னிடம் எதுவும் கேட்காமல் ஒரு கடிகாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு வேலை பார்த்தார்.

தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டொரு நாள் ஊறிய பிறகு மூக்கைக் கழற்றுகிற வேலை. அதைப் பார்ப்பதற்காகவே மறுபடியும் போனேன். இந்தப் பேனாவில் கை தவறினால் திரும்ப வழியில்லாத இடம் அதுதான். மூக்கு மறை போட்டுத் திருகியிருக்கும், அதோடு அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள், மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிற அதே அரக்கு. அது இளக வேண்டுமானால் சூடு வேண்டும். சூடு அதிகமானால் மூக்கு வளைந்துவிடும். உடம்பு முழுக்க அக்ரிலிக். லைட்டரிலோ மெழுகுவர்த்தியிலோ காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர் தலைமுடி காய வைக்கிற டிரையரைத் தள்ளிப் பிடித்து, பேனாவை விரலில் உருட்டிக்கொண்டே காட்டினார். கொஞ்சம் காட்டுவார், எடுத்து விரலால் தொட்டுப் பார்ப்பார், மறுபடி காட்டுவார். "கைக்குத் தாங்கோணும். கைக்குத் தாங்கலீன்னா பேனாவுக்கும் தாங்காதுங்க." அப்புறம் சைக்கிள் டியூப்பில் வெட்டிய ஒரு துண்டை மூக்கைச் சுற்றிப் பிடித்து மெதுவாகத் திருகினார். வரவில்லை. பலம் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டு மறுபடி சூடு காட்டினார். நாலைந்து சுற்றுப் போன பிறகு 'டக்'கென்று சின்னச் சத்தம். நான் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். அரக்குதான் விட்டிருந்தது. மூக்கு சுழன்று கையோடு வந்தது.

உள்ளே இருந்ததைப் பார்த்ததும் எனக்கு இந்தப் பேனாவின் மேல் மதிப்புக் கூடிவிட்டது. குழாய் மாதிரி சுருட்டிய தங்க நிப்பு, அதற்குள் நிப்புக்கு மை கொண்டு வருகிற மெல்லிய கட்டை, இரண்டையும் தாங்கிக்கொண்டு வட்ட வட்டமாக நெருங்க வெட்டிய ஒரு பிளாஸ்டிக் உருளை. அந்த வெட்டுகளின் இடுக்குகள்தான் பேனா மை கக்காமல் காப்பாற்றுகின்றன. உடம்புச் சூட்டிலோ வெயிலிலோ டியூப்புக்குள் இருக்கிற காற்று விரிந்து மையைத் தள்ளும். தள்ளுகிற மையை இந்த இடுக்குகள் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிர்ந்தால் திருப்பி அனுப்பும். சித்திரை மாத ஈரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அம்மாவின் பேனாவில் இடுக்குகள் எல்லாம் காய்ந்த மையால் மெத்திக் கிடந்தன.

அந்த உருளையை மட்டும் அமோனியா கலந்த தண்ணீரில் போட்டார். என்ன விகிதம் என்று கேட்டேன், மருந்து ஆள் கேட்காமல் இருக்க முடியுமா? ஒரு மூடி அமோனியாவுக்குப் பத்து மூடி தண்ணீர், அதுவும் கொஞ்ச நேரம்தான், உடனே நல்ல தண்ணீரில் அலசல். நிப்பையும் கூட்டையும் அதில் போடவில்லை. வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன்: ஸ்பிரிட், சானிடைசர், நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் எதையும் பழைய பேனாவின் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழும். அசிட்டோன் பட்டால் கரையவே ஆரம்பித்துவிடும். கொதிக்கிற தண்ணீரும் கூடாது. எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் செய்த பேனாவாக இருந்தால் சுடுதண்ணீரிலேயே கறுப்பு மங்கிப் பழுப்படித்துவிடும். பச்சைத் தண்ணீரும் பொறுமையும் போதும். காய்ந்த மைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைகிற சாய மைதான்.

அடைத்துக்கிடந்த குழாயை ஊற வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் அடித்துத் திறந்தார். சிரிஞ்ச் நான் கொண்டு போய்க் கொடுத்தது. அவர் வைத்திருந்தது தேய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

இனி நிப்பு. இந்த மனிதரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எல்லாவற்றையும் மாட்டி, மூக்கை ஒட்டாமல் சும்மா திருகி, மை தொட்டு, தேதி கிழித்த காலண்டர் தாளில் எட்டு எட்டாகப் போட்டுப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார். நான் எழுதினால் கரகரவென்று தாளைப் பிறாண்டியது. அவர் வாங்கி, பேனாவை இடதுபக்கம் லேசாக உருட்டிப் பிடித்து எழுதினார். வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி நேராகப் பிடித்தார். பிறாண்டியது. லென்ஸை என்னிடம் கொடுத்து நுனியைப் பார்க்கச் சொன்னார். தங்கத்தின் முனையில் கடினமான உலோகத்தில் ஒரு சின்ன உருண்டை வைத்திருப்பார்கள். இரிடியம் என்று பேச்சு வழக்கில் சொல்வது அதைத்தான். அந்த உருண்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் சாய்வாக ஒரு தட்டை முகம், வெளிச்சம் பட்டு மின்னியது.

"எழுதுனவங்க பேனாவை இப்படி உருட்டிப் புடிப்பாங்களாட்ட இருக்குதுங்க. ரொம்ப வருசம் ஒரே கையி. அதான் ஒரே பக்கமாத் தேஞ்சிருக்குது."

அம்மா அப்படித்தான் பிடிப்பார். மேஜையில் வைத்து எழுதிப் பார்த்த ஞாபகமே இல்லை. மடியில் ரிஜிஸ்டரைச் சாய்த்து வைத்து, கையைத் திருப்பி எழுதுவார். அம்மாவைப் பார்த்திராத ஒருவர் அதை நிப்பில் பார்த்துச் சொன்னார்.

பிறகு அவர் இரண்டு வழி சொன்னார். தட்டையாகிப்போன பக்கத்தைத் தேய்த்து மறுபடி உருட்டிக் கொடுக்கலாம், யார் எப்படிப் பிடித்தாலும் எழுதும், அரை மணி நேர வேலை, காசும் அதற்குத் தனி. இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம், நான்தான் பேனாவைத் திருப்பிப் பிடிக்கப் பழக வேண்டும். "தேச்சுட்டா உங்கம்மா தேச்சது போயிருமுங்க. மறுபடி வேணும்னா வராது. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லீங்க."

காசு வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். நான் அப்படியே விடச் சொன்னேன். பிரிந்து ஏறியிறங்கியிருந்த நிப்பின் இரு பாதியை மட்டும் நகத்தால் அழுத்திச் சமப்படுத்தினார். ஓரத்தில் இருந்த ஒரு பிசிறை மெல்லிய பாலிஷ் தாளில் லேசாக இழுத்து எடுத்தார். தட்டை முகத்தைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஒன்று செய்தார், நான் கேட்டுச் செய்ததல்ல. நிப்பு மூக்குக்குள் ஒளிந்திருக்கிற பேனா என்பதால் எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறோம் என்று எழுதும்போது தெரியாது. மூடியைப் பின்னால் செருகி, அம்புக் கிளிப்பை என் கட்டைவிரல் பக்கமாக எவ்வளவு தள்ளி வைத்தால் நிப்பு வழுக்குகிறது என்று என்னை எழுதச் சொல்லிச் சொல்லிக் கண்டுபிடித்தார். "இந்த அம்பு இங்க இருந்தா சரீங்க. பாத்துப் பாத்துப் புடிங்க, பொறவு கையே புடிச்சுக்கும்." இப்போது நான் அதைப் பார்ப்பதே இல்லை.

பளபளப்பு விஷயத்திலும் இதே நிதானம்தான். உடம்பில் கீறல்கள் இருந்தன. அக்ரிலிக்கை மெழுகு போட்டுத் தேய்த்தால் புதிது போல மின்னும். இனிஷியல் இருக்கிற பக்கத்தைத் தேய்த்தால் வெட்டு மழுங்கிவிடும் என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, மற்ற இடத்தைத் துணியால் மட்டும் துடைத்துக் கொடுத்தார். உதிர்ந்திருந்த வெள்ளையைத் திரும்பப் பூசவும் இல்லை. சிலருக்கு இது அரைகுறை வேலையாகத் தோன்றலாம். பேனா கடையிலிருந்து இன்றைக்கு வாங்கியது போல வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும், அதையும் செய்து தருவார். என்னைக் கேட்டால் அம்மாவின் விரல் பட்டு மங்கிய இடம் மங்கலாகவே இருக்கட்டும் என்பேன். புதுப் பேனா வேண்டுமென்றால் கடையில் எத்தனையோ இருக்கிறது.

மூக்கை ஒட்டும்போதும் அரக்குத்தான் வைத்தார், அதுவும் துளியூண்டு. ஃபெவிகுவிக் மாதிரி பசை போட்டுக் கொண்டுவரும் பேனாக்களைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் முகத்தில் எரிச்சலைப் பார்த்தேன். அரக்கு போட்டதை நாளைக்கு இன்னொருவர் சூடு காட்டிக் கழற்றலாம். அந்தப் பசை போட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் பேனா கழுத்தில் விரிசல் என்றால் பசை எடுக்காமல் அப்படியே கொண்டு போங்கள்.

இப்போது எப்படி எழுதுகிறது? மெல்லிய கோடு, ஈரமான கோடு, முதல் எழுத்திலேயே மை வந்துவிடுகிறது. மருந்துக்கடையில் ஹெச்1 என்கிற பட்டியலில் இருக்கிற, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகளுக்கென்று தனி ரிஜிஸ்டர் வைக்க வேண்டும் என்பது 2014-லிருந்து சட்டம். எழுதிக்கொடுத்த டாக்டர் பெயர், விலாசம், நோயாளி பெயர், மருந்து, எத்தனை என்று ஒவ்வொன்றாக எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்த ரிஜிஸ்டர் முழுக்க இந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன். நடுவில் ஆள் வந்து, மருந்து எடுத்துக் கொடுத்து, சில்லறை எண்ணிக் கொடுத்து, திரும்ப வந்து வைத்த இடத்திலிருந்து எழுதினாலும் நுனி காய்ந்திருப்பதில்லை. வேறு இங்க் பேனாவில் இந்த வேலை நடக்காது. மூக்குக்குள் நிப்பை ஒளித்து வைத்ததன் பலன் இது. ஒரு தடவை நிரப்பினால் வாரக்கணக்கில் வருகிறது.

மை, சாதாரண கேமல் நீலம். பிரிலும் போட்டுப் பார்த்தேன், இரண்டிலும் குறையில்லை. படம் வரைகிற இந்தியன் இங்கை மட்டும் எந்த இங்க் பேனாவிலும் ஊற்றக் கூடாது. அது காய்ந்தால் தண்ணீரில் கரையாது, உருளையின் இடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டால் பேனா போனதுதான்.

குறைகளுக்கு வருகிறேன். சொன்ன நாளுக்குப் பேனா கிடைக்காது. என்னுடையது தள்ளித் தள்ளித்தான் கைக்கு வந்தது. ஒரு தடவை போனபோது மேஜையே பூட்டியிருந்தது, பக்கத்துக் கடையில் கேட்டால் சொந்தத்தில் ஒரு சீர் என்றார்கள். செல்போனை எடுக்கவும் மாட்டார். பவானியிலிருந்து பஸ் ஏறி வருகிற எனக்கே இது கஷ்டம் என்றால் தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ வருகிறவர்கள் எப்படி வருவார்கள்? வேலையின் தரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத விஷயம் இது. ரசீது கொடுப்பதில்லை. ஒரு பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பெயரும் பேனாவின் நிறமும் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான். தங்க நிப்புள்ள பேனாவை ரசீது இல்லாமல் விட்டு வர எனக்கு மனசு ஒப்பவில்லை. நிப்பையும் மூடியையும் செல்போனில் படம் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மூடியை இறுக்கிக் கொடுத்ததில் முதலில் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிட்டார். இந்தப் பேனாவின் மூடி திருகுகிறதல்ல, செருகுகிறது. உள்ளே இருக்கிற உலோக விரல்கள் கழுத்தின் வளையத்தைக் கவ்விப் பிடிக்கும். அந்த விரல்களை உள்பக்கம் வளைத்ததில் மூடியைக் கழற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது. திரும்பக் கொண்டு போனேன், நிற்கவைத்தே தளர்த்திக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மொத்தம் ஆனது 600 ரூபாய். நான் பார்த்த வேலைக்கு அது குறைவு. கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை.

எந்தப் பேனாவைக் கொண்டு போகலாம் என்றால், லீவர் வைத்த பழைய ரப்பர் பைப் பேனாக்களுக்குப் பை மாற்றித் தருகிறார், பழைய பையைச் சுரண்டி எடுத்துப் புதிதை அரக்கு வைத்து ஒட்டி, டால்கம் பவுடர் தூவி மூடுவார். ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் கடைசல் பிடித்துச் செய்கிற எபோனைட் பேனாக்கள் நம் பக்கத்து வீடுகளில் நிறைய உண்டு. அவற்றின் கழுத்து இறுகிப்போனால் திறந்து தருவார், நிப்பு, கட்டை மாற்றுவார். ஹீரோ, கேமலின் எல்லாம் அவருக்கு டீ குடிக்கிற நேரத்து வேலை. பார்க்கர் 21 இருந்தால் மட்டும் யோசித்துக் கொடுங்கள். வெளித்தோற்றம் 51 மாதிரியே இருக்கும், ஆனால் அதன் மூக்கு வேறு பிளாஸ்டிக், சும்மா இருக்கும்போதே விரிசல் விடுகிற ஜாதி. அவரே அதைக் கழற்ற மறுத்து ஒருவரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். உதிரி பாகம் எதுவும் அவரிடம் கிடையாது. நிப்பே உடைந்திருந்தால் நீங்கள்தான் தேடிக் கொண்டு போக வேண்டும்.

போகிறவர்கள் திங்கள் ராத்திரியும் செவ்வாய்க்கிழமையும் போகாதீர்கள். ஜவுளிச் சந்தைக் கூட்டத்தில் அந்தப் பக்கம் நடக்கவே முடியாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுப்பார். காலை பதினொரு மணிக்கு மேல் போனால் வெளிச்சமும் நன்றாக இருக்கும், அவரும் பேச்சுக் கொடுப்பார். பேனாவைக் கழுவாமல், திறக்காமல், அப்படியே கொண்டு போங்கள். யார் எழுதியது, எப்போது கடைசியாக எழுதியது, என்ன மை என்று கேட்பார். தெரிந்ததைச் சொன்னால் அவருக்கு வேலை சுலபம்.

என் மாமனாரின் எபோனைட் பேனா ஒன்று கழுத்து இறுகித் திறக்க முடியாமல் வீட்டில் இருக்கிறது. பங்குனியில் பெரிய மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் ஓய்ந்ததும் அதைக் கொண்டு போவதாக இருக்கிறேன்.